நுவரெலியாவில் தண்ணீர் எப்போது கொதிக்கும்?

அன்புள்ள தம்பி,

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க கடந்தகால வினாத்தாள்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். ஒருவர் அனுப்ப மற்றவர் சேமித்துவைப்பது தபால்காரர் வேலை. சேர்ந்து படிப்பது ஆகாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பாடம்தான் வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருக்கிறது, தனியாகவே படித்துவிடலாம். பலர் கூடினால்தான் முடியும் என்கிற வேலை ஒன்றை எடுங்கள். தண்ணீரின் கொதிநிலையை அளப்பது அப்படியொன்று.

தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்திருப்பாய். மலையிலுள்ள உன் லயத்து அடுப்பில் அது ஒருநாளும் நடக்காது. நீரின் ஆவியமுக்கம் வெளியே உள்ள வளிமண்டல அமுக்கத்தை எட்டும்போதுதான் கொதிப்பு. மலை ஏற ஏற அமுக்கம் குறையும். 300 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். யாழ்ப்பாணத்தில் 100 என்றால், 1,270 மீற்றர் உயர ஹட்டனில் 96க்குச் சற்றுக் கீழே, 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் சுமார் 94. பருப்பு வேக இவ்வளவு நேரமா என்று அம்மா அலுத்துக்கொள்வது இதனால்தான்.

ஒரே உயரத்தில் இருக்கும் ஒரு பாடசாலையால் இதைத் தனியாகக் காண முடியாது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் பல நாட்டு மாணவர்களைத் தண்ணீர் கொதிக்கவைத்து அளவை இணையத்தில் பதியச் செய்தது. கொதிநிலையை மாற்றுவது தண்ணீரின் அளவா, அறை வெப்பமா, அடுப்பா, உயரமா? பிள்ளைகளே தரவைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

இதையே நீங்களும் செய்யுங்கள். சூம் வேண்டாம், டேட்டா தாங்காது. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்தபிறகுதானே பலருக்குப் போன் கைக்கு வரும்? அவரவர் நேரத்தில் அளந்து அனுப்பினால், சேர்த்துவைக்க ஒரு கூகுள் ஷீட் போதும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆளுக்கொரு வகுப்பைச் சேர்த்துக்கொள்ள உங்கள் ஆசிரியரைக் கேள்.

வெப்பமானியை முதலில் உருகும் ஐஸில் வைத்து என்ன காட்டுகிறது என்று குறி. கொதிக்கும்போது அதன் குமிழ் சட்டியின் அடியைத் தொடக்கூடாது. அளவை எல்லாரும் ஒருவருக்கே தனியாக அனுப்பட்டும். எல்லாம் வந்தபிறகு அவர் ஷீட்டில் பதிந்து எல்லாருக்கும் திறக்கட்டும். அடுத்தவர் எண்ணைப் பார்த்துவிட்டால் நம் எண்ணும் அதன் பக்கமே சாயும்.

நுவரெலியாவிலிருந்து யாரோ ஒருவர் 98 என்று எழுதுவார். அழிக்கச் சொல்லாதே, கேலியும் செய்யாதே. எனக்குப் பிடித்த இடமே அதுதான். குமிழ் எங்கே இருந்தது, தண்ணீரில் உப்புப் போட்டாயா என்று கேள், படம் அனுப்பச் சொல். மறுபடி அளந்தும் 98தான் என்றால் ஐஸில் என்ன காட்டியது என்று பார். அங்கே 4 என்றிருந்தால் பிழை வெப்பமானியில்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும். உச்சி 2,243 மீற்றர். மலைக்குப் போகிறவர் யாராவது வெப்பமானியைத் துணியில் சுற்றி எடுத்துப் போகட்டும். வழியிலுள்ள தேநீர்க் கடைகளில் கேட்டுக்கொண்டு அளக்கலாம். ஒவ்வொரு கடையிலும் எத்தனை பாகை வரும் என்று அவர் ஏறுவதற்கு முன்பே கணக்குப் போட்டு ஷீட்டில் எழுதிவிடுங்கள். எனக்கும் அந்த ஷீட்டை அனுப்பு.

அன்புடன்,
அக்கா