சின்ன வயசில் பி.பி.யா? காரணத்தைத் தேடுங்கள்!



பி.பி. என்றாலே தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதான் நாம நினைக்கிறோம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு வயது, உப்பு, எடை, பரம்பரை எல்லாம் சேர்ந்து வரும். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 30 வயதுக்குள், குண்டாக இல்லாத ஒருவருக்கு, குடும்பத்தில் யாருக்கும் பி.பி. இல்லாதபோது, பலமுறை அளந்தும் 140/90-க்கு மேல் இருந்தால் உள்ளே வேறு நோய் ஒளிந்திருக்கலாம். அதைக் குணப்படுத்தினால் சிலருக்கு பி.பி.யே போய்விடும். விட்டுவிட்டால் சிறுநீரகமும் இதயமும் கெடும்.

நான் படித்துத் தெரிந்துகொண்ட அடையாளங்கள்:

1. சிறுநீரகம்: தொண்டைப்புண், சிரங்கு வந்து சில வாரத்தில் காலையில் முகம் வீங்கும், சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். விடுதி நண்பர்கள் இதைக் கவனிக்கணும்.

2. இரத்தக்குழாய்: பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருந்தால் கையில் பி.பி. அதிகம், காலில் குறைவு. இன்னொன்று டகயாசு நோய். 1908-இல் இதை விவரித்த ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயர் அது. இளம்பெண்களுக்கே அதிகம் வரும். குழாய்ச் சுவர் தடித்து அடைபடுவதால் ஒரு கையில் நாடியே கிடைக்காமல் போகலாம். அந்தக் கையில் மட்டும் அளந்தால் 'நார்மல்' என்று காட்டி ஏமாற்றிவிடும்! அதனால் இரண்டு கையிலும் பார்க்கணும். இந்நோயின் தீவிரத்தை மதிப்பிடும் 'ஐடாஸ் 2010' முறையை உருவாக்கியதில் நம்ம பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு.

3. அட்ரினல் சுரப்பி: சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும். அதில் கட்டி வந்தால் சிலருக்கு விட்டுவிட்டு தலைவலி, வியர்வை, படபடப்பு வரும். சிலருக்குப் பொட்டாசியம் குறைந்து கை கால் தளர்ந்துபோகும்.

4. மருந்து: வலி மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டும் பி.பி.யை ஏற்றலாம். இருமலுக்குச் சாப்பிடும் அதிமதுரம்கூட, தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

5. தூக்கம்: பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது.

நண்பர்களே, இந்த அடையாளம் இருந்தால் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் சொல்லுங்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. "என்ன மருந்து?" என்று கேட்பதோடு, "எதனால் வந்தது?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள். 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் அதுதானே!

— 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி