புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின்: வீட்டில் நீங்களே செய்யக்கூடியவை

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து யோங் பெங்கில் உங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். இனி வரும் வாரங்களில் உடல் தேறுவதற்கு மருந்து மட்டும் போதாது. நடை, தண்ணீர், உணவு, ஒரு சிறு தசைப் பயிற்சி ஆகியவையும் தேவை. இவற்றுக்குப் பணம் செலவாகாது. ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இருமும்போதோ எழுந்து நிற்கும்போதோ சிறுநீர் சொட்டினால் அது உங்கள் தவறு அல்ல. வெட்கப்பட வேண்டியதும் அல்ல. புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமைந்திருக்கிறது. அந்த இடத்தில் அறுவை சிகிச்சை செய்யும்போது சிறுநீரை அடக்கும் அமைப்பும் பலவீனமாகலாம். வீக்கத்திற்காகச் சுரப்பியின் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்தவர்களுக்கு ஒழுக்கு பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றியவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரையிலும், சிறிது சிறிதாகக் குறையும்.

பலர் இதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுகிறார்கள். இந்த மூன்றும் தேறுவதைத் தாமதப்படுத்தும்.

சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) இருக்கும்போது

• குழாயையோ பையையோ தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
• பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். ஆனால் தரையில் வைக்காதீர்கள்.
• குழாய் உள்ளே நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவுங்கள்.
• பை நிரம்பி வழியும் வரை காத்திருக்க வேண்டாம். முக்கால் பாகம் நிறைவதற்குள் காலி செய்யுங்கள்.
• குழாய் இருக்கும் நாட்களில் கீழே சொல்லும் தசைப் பயிற்சியைச் செய்யாதீர்கள். குழாயை எடுத்த பின், மருத்துவர் சம்மதத்துடன் தொடங்குங்கள்.

தசைப் பயிற்சி

அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கெகல், பிரசவித்த பெண்களுக்காக இந்தப் பயிற்சியைப் பற்றி 1948-இல் எழுதினார். ஆண்களுக்கும் அதே தசைகள் இருப்பதால் இன்று புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் இது கற்றுத்தரப்படுகிறது.

தசையைக் கண்டுபிடிப்பது எளிது. நாலு பேர் நடுவில் இருக்கும்போது வாயு வெளியேறாமல் அடக்குவீர்கள் அல்லவா? அப்போது இறுகுவதுதான் இந்தத் தசை. சரியாக இறுக்கினால் ஆணுறுப்பு சற்று உள்ளே இழுபடும், விதைப்பை சற்று மேலே உயரும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்காதீர்கள். மூச்சையும் அடக்காதீர்கள்.

1. முதலில் படுத்துக்கொண்டு செய்யுங்கள். பழகிய பின் நாற்காலியில் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யலாம்.
2. தசையை இறுக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுங்கள். பிறகு முழுமையாகத் தளர்த்தி, அதே அளவு நேரம் ஓய்வு கொடுங்கள்.
3. இப்படி 10 முறை செய்யுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல, 10 எண்ணும் வரை இறுக்கிப் பிடிக்க முயலுங்கள்.
4. காலை, மதியம், இரவு என நாளுக்கு 3 வேளை செய்யுங்கள். காலைத் தேநீர், மதிய வானொலிச் செய்தி, இரவு படுக்கை என ஏதாவது ஒன்றோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

இருமுவதற்கும் தும்முவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் ஒரு நொடி முன்னதாகவே தசையை இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் கழித்து முடித்ததும் ஒருமுறை நன்றாக இறுக்குங்கள். பாதையில் தங்கிய கடைசிச் சொட்டும் வெளியேறிவிடும். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம்.

இந்தப் பயிற்சி எல்லோருக்கும் ஒரே அளவு பலன் தராது. பலன் தெரியவும் பல வாரங்கள் ஆகும். ஒரு நாளைக்கு எத்தனை உறிஞ்சும் பேட் மாற்றுகிறீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றன்று தெரியாத முன்னேற்றம் மாதக் கடைசியில் கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீரும் உணவும்

ஒழுகும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் தரும், கிருமித் தொற்று வரும், மலச்சிக்கலும் உண்டாகும். நாளுக்கு 6 முதல் 8 குவளை தண்ணீரைப் பகல் நேரத்தில் பரவலாகக் குடியுங்கள். படுக்கைக்கு 2 மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. விரதம் இருக்க நினைத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

கோப்பி, தே தாரிக் இரண்டும் சிறுநீர்ப்பையைத் தூண்டும். ஒரு நாளைக்கு ஒரு குவளையோடு நிறுத்திப் பாருங்கள்.

மலம் கழிக்க முக்கினால் புண்ணில் இரத்தம் கசியலாம். பப்பாளி, வாழைப்பழம், முருங்கைக்கீரை, பயறு, ஓட்ஸ் போன்றவற்றைத் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடையும் ஓய்வும்

நாள் முழுவதும் படுத்தே இருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் 5 நிமிடம், நாளுக்குப் பல முறை நடங்கள். பிறகு வெயில் ஏறுவதற்கு முன் தாமான் சாலையில் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுங்கள். பரிசோதனைக்காக ஜொகூர் பாரு வரை காரில் போக நேர்ந்தால் வழியில் இறங்கிச் சற்று நடந்துவிட்டுத் தொடருங்கள்.

வயிற்றில் தையல் இருந்தால், இருமும்போது ஒரு தலையணையை அதன்மேல் அணைத்துப் பிடியுங்கள். வலி குறையும்.

பொதுவாக 6 வாரம் வரை, அல்லது மருத்துவர் சொல்லும் வரை, இவற்றைத் தவிருங்கள்:

• அரிசி மூட்டை, எரிவாயுக் கலன், தண்ணீர் வாளி தூக்குதல், பேரப்பிள்ளையைத் தூக்குதல், பால்குடம், காவடி எடுத்தல்
• சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுதல்
• அடிவயிற்றில் எண்ணெய் தேய்த்து உருவுதல்

நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதையும் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சில மூலிகைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அவசரத்தில் வழுக்கி விழாமல் காக்கும்.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

சில வாரங்களுக்குச் சிறுநீர் அவ்வப்போது இளஞ்சிவப்பாக, தண்ணீர் கலந்த ரோஸ் சிரப் போல, இருக்கலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். ஆனால் கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் பத்து பகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

• சிறுநீர் அறவே வராமல் போனால், அல்லது குழாயில் இறங்காமல் நின்றால்
• சிறுநீர் கெட்டியான சிவப்பாக, இரத்தக் கட்டிகளுடன் வந்தால்
• 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால்
• ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்

நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு

அப்பாவோ தாத்தாவோ வெளியே வர மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். பையில் ஒரு மாற்றுக் கால்சட்டையும் இரண்டு பேட்டும் எடுத்து வைத்து, “வாங்க, ஒரு சுற்று நடந்துட்டு வருவோம்” என்று கூப்பிடுங்கள்.

ஐயா, அடுத்த முறை யோங் பெங் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போகும்போது ஒழுக்கைப் பற்றி நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். தாம்பத்திய உறவு பற்றிய கவலை இருந்தால் அதையும் கேளுங்கள். மருத்துவரும் தாதியும் தினமும் கேட்கும் விஷயங்கள்தான் இவை. நீங்கள் சொன்னால்தான் அவர்களால் உதவ முடியும்.