‘நோ’ படமும் அதன் இரு வகைப் பார்வையாளர்களும்

கேள்வி: வெளிநாடுகளில் புகழப்பட்ட சிலி நாட்டுப் படமான ‘நோ’, சொந்த நாட்டில் ஏன் சர்ச்சைக்குள்ளானது?

பதில்: பாப்லோ லரைன் இயக்கிய ‘நோ’ (2012), சர்வாதிகாரி பினோசெட் பதவியில் நீடிப்பது குறித்து 1988 அக்டோபர் 5-இல் நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றியது. ‘நோ’ (வேண்டாம்) என்று வாக்களிக்கக் கோரிய எதிரணிக்குத் தொலைக்காட்சியில் தினமும் 15 நிமிடங்கள் கிடைத்தன. அதைக் குளிர்பான விளம்பரம்போல் பாட்டும் சிரிப்புமாக நிரப்பும் விளம்பரக்காரர் என்ற கற்பனைப் பாத்திரத்தில் கேல் கார்சியா பெர்னால் நடித்தார்.

கான் விழாவின் ‘இயக்குநர்கள் இருவாரம்’ பிரிவில் பரிசு பெற்ற இப்படம், அயல்மொழிப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சிலியப் படமும் ஆனது. அச்சத்தை நம்பிக்கை வென்ற கதையாகவே வெளிநாட்டார் பலர் இதைப் பார்த்தனர்.

சிலியில் நிலைமை வேறு. ‘நோ’ பிரசாரத்தை உண்மையில் வழிநடத்திய ஹெனாரோ அரியாகாதாவே, படம் வரலாற்றை மிகவும் எளிமைப்படுத்திவிட்டது என்று கண்டித்தார். அச்சுறுத்தலுக்கு நடுவே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர்களாகப் பதிவானதும், ஊர் ஊராக நடந்த அமைப்புப் பணியும் திரையில் ஏறக்குறைய இல்லை. இந்தக் கண்டனம் நியாயமானது. ‘நோ’ அணிக்குக் கிடைத்த சுமார் 56 விழுக்காடு வாக்குகளை விளம்பரம் மட்டும் பெற்றுத் தந்துவிடவில்லை. இயக்குநரின் தந்தை அப்போது வலதுசாரிக் கட்சியின் செனட்டராக இருந்ததும் ஐயத்தைக் கூட்டியது.

பழைய யூ-மேட்டிக் வீடியோ கேமராவில் எடுத்ததால் நடிப்பும் அக்கால ஒளிப்பதிவுகளும் பிரித்தறிய முடியாதபடி கலந்தன; அந்த வரலாற்றை அறியாதவர்கள் படத்தை ஆவணமாகவே எடுத்துக்கொள்ள இது இடம்தந்தது. ஆனால் படம் வெறும் வெற்றிக் கொண்டாட்டமல்ல. வெற்றிக்குப் பின் நாயகன் தன் பழைய முதலாளியுடனேயே விளம்பரத் தொழிலைத் தொடர்கிறான். சர்வாதிகாரம் கொண்டுவந்த சந்தைப் பொருளாதாரம் நிலைத்துவிட்டதைக் காட்டும் அந்த முடிவே படத்தின் கூர்மையான விமரிசனம்.