பல்லி சில்லியான கதை

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய எடிட்டரை நேற்றிரவு ஓட்டிப் பார்த்தேன். தேடும் பெட்டி அழகாகத்தான் திறக்கிறது. 'பல' என்பதைச் 'சில' ஆக்கச் சொல்லி, 'எல்லாம் மாற்று' பொத்தானை அழுத்தினேன். பலா மரம் சிலா மரமாயிற்று. சுவரிலிருந்த பல்லி சில்லியாயிற்று. உன் சித்தி சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

யூனிகோடில் 'லா' என்பது லகரமும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடு. 'ல்' என்பது லகரமும் புள்ளியும். உன் நிரல் குறியீட்டைத் தேடுகிறது, படிக்கிறவரோ எழுத்தைத் தேடுகிறார். 'முழுச் சொல் மட்டும்' என்றொரு தெரிவு வைத்துத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதே. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன், புள்ளியையும் கால், கொம்பு, கொக்கிகளையும் சொல்லைச் சேர்ந்தவையாக எண்ணுவதில்லை. லகரத்தோடு சொல் முடிந்ததென்று நம்பி, பல்லியை மறுபடி பிடித்துக் கொடுக்கும். கிடைத்த இடத்துக்கு அடுத்த குறியீடு என்ன வகை என்று பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியிடம் கேள். விடை 'எம்' என்று தொடங்கினால் அது ஒட்டுக்குறி. அந்த இடத்தை விட்டுவிடு.

இன்னொரு வம்பு கண்ணுக்கே தெரியாது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. கோப்பைத் திறக்கும்போதும் வெளியிலிருந்து ஒட்டும்போதும் உரையை, குறிகளைச் சேர்த்தே எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவா, தேடுசொல்லையும் அப்படியே. தேடும் நேரத்தில் மட்டும் ஒரு நகலை மாற்றிப் பார்த்தால் நீளம் மாறி, இடக்கணக்கு பிசகி, பக்கத்து எழுத்தை வெட்டிவிடுவாய்.

இளவயதில் நான் எழுதிய நிரல் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கோப்பின் தலையிலிருந்தே தேடும். 'ராமன்' என்பதை 'ராமன் அவர்கள்' ஆக்கச் சொன்னேன். முதல் ராமனுக்கே அவர்கள், அவர்கள் என்று மரியாதை செய்துகொண்டே இருந்தது, நான் மின்சாரத்தை நிறுத்தும்வரை. மாற்றிய சொல்லின் முடிவிலிருந்துதான் அடுத்த தேடல் தொடங்க வேண்டும்.

மாற்றியதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். க்யூட்டி நூலகத்தில் பிகின்எடிட்பிளாக், எண்ட்எடிட்பிளாக் இரண்டுக்கும் நடுவே எல்லா மாற்றத்தையும் ஒரே கர்சரால் செய். தவறி அழுத்திவிட்டுப் பதறுகிறவரை முந்நூறு தடவை கண்ட்ரோல்-இசட் தட்ட விடாதே. ஒரு தட்டில் அத்தனையும் திரும்ப வேண்டும். எத்தனை இடம் மாறியதென்று கீழே காட்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தெரிவு தமிழுக்கு வேலையில்லாதது. ஆங்கிலம் கலந்து எழுதுகிறவர்களுக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

சரிசெய்ததும் அந்தப் பல்லிக் கோப்பையே வைத்துச் சோதித்து அனுப்பு. உன் சித்தியும் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா