400 படிவம் வாங்கியும் ஆய்வேடு ஏன் நகரவில்லை?

கேள்வி: விளையாட்டு மேலாண்மையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டின் தலைப்பு, 'டி.என்.பி.எல். கிரிக்கெட் பார்வையாளர்களின் மனநிறைவு: சேலம் மைதானத்தை முன்வைத்து ஓர் ஆய்வு'. தமிழ்நாடு பிரீமியர் லீக் மேட்ச் நடந்த நாட்களில் கேலரியில் ஏறி இறங்கி 400 பேரிடம் வினாப்படிவம் நிரப்பி வாங்கினேன். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஏற்றி அட்டவணைகளும் எடுத்தாயிற்று. ஆனால் நாலாம் அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நகரவில்லை. "இதிலிருந்து என்னதாம்மா சொல்ல வருகிறாய்?" என்கிறார் கைடு. அடுத்த சீசனில் இன்னும் 200 பேரிடம் வாங்கினால் சரியாகிவிடுமா? எங்கே கோளாறு?
— வாசகி, சேலம்

பதில்: கேலரியில் மேட்சைப் பார்க்க விடாமல் 400 பேரை எழுத வைத்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். இன்னும் 200 வாங்கினால் சரியாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

400 என்ற எண்ணை எங்கே பிடித்தீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். மொத்தக் கூட்டம் 10,000 பேர் என்றால் மாதிரிக்கு 370 பேர், 10 லட்சம் பேர் என்றால் 384 பேர் போதும் என்கிறது அது. நம் ஊர் ஆய்வேடுகளில் பாதி இந்த 384-ஐ வைத்துத்தான் ஓடுகின்றன. அதன் பொருள் இவ்வளவுதான்: கூட்டத்திலிருந்து குலுக்கல் முறையில் 384 பேரை எடுத்தால், நூற்றுக்கு 95 தடவை உங்கள் விடை உண்மையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகாது. இந்த 5 சதவீதத்துக்குப் பெயர் பிழை வரம்பு. 400 பேருக்கு அது ஏறக்குறைய 4.9. 600 பேருக்கு 4. ஒரு சீசன் முழுக்க மறுபடி கேலரி ஏறி நீங்கள் சம்பாதிக்கப்போவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிழை வரம்பைப் பாதியாக்க வேண்டுமென்றால் நாலு மடங்கு ஆட்கள் வேண்டும்.

அதுவும் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால் மட்டுமே செல்லும். ஆட்களைக் குவித்தால் உண்மை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு 1936-லேயே பெரிய அடி விழுந்தது. அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை அந்த அதிபர் தேர்தலுக்கு முன்னால் ஒரு கோடி அஞ்சலட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, வேட்பாளர் லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் போனும் வாசலில் காரும் வைத்திருந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? போதாததற்கு, மெனக்கெட்டுப் பதில் அனுப்பியவர்களும் ஒரு தனி ரகம்.

உங்கள் 400 பேருக்கும் இதே சிக்கல் உண்டு. மைதானம் இருக்கும் வாழப்பாடி வரை பஸ் ஏறி வந்து, கேலரியில் உட்கார்ந்திருப்பவரிடம் "மேட்ச் பார்க்க வந்தது திருப்தியா?" என்று கேட்கிறீர்கள். திருப்தி இல்லாதவர் வீட்டில் டி.வி. முன்னால் இருக்கிறார், அல்லது மூன்றாவது ஓவரிலேயே கிளம்பிவிட்டார். 5-க்கு 4-க்கு மேல் சராசரி வந்திருக்கும் என்று உங்கள் அட்டவணையைப் பார்க்காமலே சொல்வேன். அதைப் பார்த்து கைடு என்ன செய்வார், பாவம்.

ஆனால் மாதிரிக் கோளாறு ஒரு குறைதானே தவிர, அத்தியாயம் நகராததற்கு அது காரணம் அல்ல. ஓட்டை மாதிரியோடு முடிந்து, வைவாவும் தாண்டிய ஆய்வேடுகள் நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. எழுத வரவில்லை என்பதும் காரணம் அல்ல. உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம்கூடத் தடுமாறவில்லை. உண்மையான காரணம், உங்கள் தலைப்பில் கேள்வி இல்லை. 'மனநிறைவு: ஓர் ஆய்வு' என்பது ஒரு துறையின் பெயர்ப்பலகை. விடை இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம், எப்படி வந்தாலும் யாரோ ஒருவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றால்தான் அது கேள்வி. அப்படி ஒரு பந்தயத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதைத்தான் கருதுகோள் என்கிறோம்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். 1956-ல் சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளியலாளர், பேஸ்பால் வீரர்களின் சம்பளச் சந்தை பற்றிய கட்டுரையில் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். யார் ஜெயிப்பார் என்பது தெரியாமல் இருந்தால்தான் கூட்டம் வரும் என்றார். முடிவு நிச்சயமின்மைக் கருதுகோள் என்று இதற்குப் பெயர். கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். ஆனால் இது தோற்கக்கூடிய கூற்று. அதனால்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2014-ல் கோட்ஸ், ஹம்ஃப்ரீஸ், ஜோ மூவரும் அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களின் கூட்டக் கணக்கை ஆராய்ந்தபோது, படம் கிட்டத்தட்டத் தலைகீழாக வந்தது. நூலிழை ஆட்டம் என்று எதிர்பார்க்கப்பட்ட நாட்களைவிட, சொந்த ஊர் அணி ஜெயித்துவிடும் என்று நம்பிய நாட்களில் கூட்டம் அதிகம். தோற்றால் வரும் வலி, ஜெயித்தால் வரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். ராட்டன்பர்க் எழுதியது ஒரு வாக்கியம்தான். இத்தனை பேருக்கு வேலை கொடுத்தது, அது தோற்கலாம் என்ற ஒன்றுதான்.

கேள்வி இல்லாதபோது மாணவர்கள் வழக்கமாகச் செய்வதையும் சொல்லிவிட வேண்டும். பாலினத்துக்கும் மனநிறைவுக்கும் ஒரு சோதனை, வயதுக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, திருமணமாயிற்றா என்பதற்கு ஒன்று என எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் எல்லாப் பொத்தானையும் அழுத்துவது. 5 சதவீத அளவில் தொடர்பே இல்லாத 20 சோதனைகளை ஓட்டினால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாகப் 'பொருளுடையது' என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, திருமணமானவர்கள் கிரிக்கெட்டை அதிகம் ரசிக்கிறார்கள் என்று முடிவுரை எழுதியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் என்ன சொன்னார்களோ!

சரி, கையில் இருக்கும் 400 படிவத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். உங்கள் ஊரிலேயே நல்ல கேள்வி ஒன்று கிடக்கிறது. 2016-ல் முதல் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். அதே அணிதான் பின்னால் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனதும் இதே வகை. 2023-லிருந்து வீரர்களை ஏலம் எடுக்கிறார்கள். ஆகவே ஆட்களும் இடம் மாறுகிறார்கள். ஊர்ப் பெயரும் நிலையில்லை, வீரரும் நிலையில்லை என்றால், ரசிகரின் பற்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? இந்தத் துறைக்கே இது பிறவிக் கேள்வி. விளையாட்டு நிர்வாகத்துக்கென்று ஒரு முதுகலைப் படிப்பு வேண்டும் என்ற யோசனை 1957-ல் வால்டர் ஓமாலி கேட்டதிலிருந்து முளைத்து, 1966-ல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் வகுப்பானது. அந்த ஓமாலிதான் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்த்துக்கொண்டு போன முதலாளி.

இனி வேலை இப்படி. படிவத்தில் சொந்த ஊர், ஆதரிக்கும் அணி, நிரப்பிய தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஸ்பார்ட்டன்ஸ் ஆடிய நாளில் வந்த சேலத்துக்காரர்களையும், வேறு இரண்டு அணிகள் ஆடிய நாளில் வந்த சேலத்துக்காரர்களையும் பிரித்து ஒப்பிடலாம். ஊர்ப் பெயர் வேலை செய்கிறது என்றால் முதல் கூட்டத்தின் மனநிறைவு அணியின் வெற்றி தோல்வியோடு ஏறி இறங்க வேண்டும்; இரண்டாம் கூட்டத்தில் அது இருக்கக்கூடாது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால், சேலத்துக்காரர்கள் அணிக்காக வரவில்லை, வெளிச்சத்துக்கும் கூட்டத்துக்கும் வருகிறார்கள். எப்படி வந்தாலும் எழுத விஷயம் இருக்கிறது. இதற்கான புதிய அட்டவணைகளை எடுப்பதற்கு முன்னால் அவற்றின் வெற்றுக் கட்டங்களைக் காகிதத்தில் வரைந்து, கைடிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு அட்டவணைக்கு மேல் தேவைப்படாது.

கூடுதலாக ஆட்களைப் பார்த்தே தீருவேன் என்றால், 200 வேண்டாம், கேலரியும் வேண்டாம். 2016-ல் டூட்டி பேட்ரியாட்ஸை ஆதரித்தவர்களில் ஒரு பதினைந்து இருபது பேரைத் தூத்துக்குடியில் தேடிப் பிடித்து, உட்கார்ந்து பேசுங்கள். அவர்களிடம் அணிப்பற்று அளவுகோலையும் கொடுக்கலாம். வான், பிரான்ஸ்கம் இருவரும் 1993-ல் உருவாக்கியது. ஏழே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை மதிப்பெண். தமிழில் பெயர்த்தபின் முதலில் சிலரிடம் கொடுத்து, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கிரான்பாக் ஆல்ஃபா பார்த்துவிடுங்கள். ஏழு கேள்விக்கும் வரும் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் அது, 0.7-க்கு மேல் வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

மைதானத்துக்கு வராதவர்கள் உங்கள் மாதிரியில் இல்லை என்பதை மட்டும் மறைக்காமல், வரம்புகள் என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.