சாம்பிராணி போட்டால் போகுமா?

கேள்வி: திருவள்ளூரில் ரயில் பாதை ஓரம் எங்கள் வீடு. டீசல் ஏற்றிய ரயில் எரிந்தபோது உள்ளே புகுந்த புகை வாடை, பெயின்ட் அடித்தும் போகவில்லை. மழை நாளில் தூக்கலாக அடிக்கிறது. சாம்பிராணியும் போட்டுப் பார்த்துவிட்டோம்.

பதில்: 2025 ஜூலை 13 விடியற்காலையில் எரிந்தது டீசல். அதன் கரி, விறகடுப்புக் கரி போல உதறினால் உதிராது, எண்ணெய்ப் பசையோடு ஒட்டும். அதைக் கழுவாமல் பெயின்ட் அடித்தது, அழுக்குத் தலையில் பூ வைத்த கதைதான். காற்றில் ஈரம் ஏறினால் வாடையும் கிளம்பும்.

ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேன் றெக்கையின் மேல்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். மை மாதிரி ஒட்டுகிறதா? பரண், கதவின் மேல்விளிம்பு, ஏசி ஃபில்டர் எல்லாம் அப்படித்தான் இருக்கும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எடுத்த எடுப்பில் ஈரத்துணி போட்டால் கரி இழுபட்டுப் பரவும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல். மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சுவரைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் வாடையை அடைக்கும் ஷெல்லாக் பிரைமர், அதன்மேல் பெயின்ட். பஞ்சு மெத்தை வெயிலில் தேறிவிடும். ஃபோம் மெத்தைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். சாம்பிராணியும் புகைதானே, அதை நிறுத்துங்கள்.