முக்கியக் குறிப்புகள்: செயற்கை மொழிகள் – சொல்லும் வேரும்

• மனிதர் திட்டமிட்டு ஆக்கியது செயற்கை மொழி. ஆக்கியவர் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. சொல்லைப் பிரித்துப் படித்தால்தான் மனத்தில் நிற்கும்.

• வோலாபூக்: ஜெர்மானியக் கத்தோலிக்கப் பாதிரியார் ஷ்லேயர், 1879–80. 'வோல்' உலகம், 'பூக்' பேச்சு. இரண்டும் ஆங்கிலச் சொற்களின் சிதைவு. ஆங்கிலேயருக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைத்துவிட்டார்.

• எஸ்பெராண்டோ: மிக முக்கியம். ஆக்கியவர் எல்.எல்.ஜாமென்ஹாப், கண் மருத்துவர். பிறப்பு 1859, பியாலிஸ்டோக் (அன்று ரஷ்யப் பேரரசு, இன்று போலந்து). முதல் நூல் 1887, வார்சா. அதில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ'. பொருள் 'நம்பிக்கை கொண்டிருப்பவர்'. புனைபெயரே மொழியின் பெயராயிற்று. முதல் உலக மாநாடு 1905, பிரான்சின் பூலோன்.

• எஸ்பெராண்டோவின் சொல்லாக்கம், பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு எளிது. 'சான்' பகுதி, லத்தீன் வேர். சானா – நலமான. மல்சானா – நோயுற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர, மல்சனூலோ – நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'ஏய்' சேர, மல்சனுலேயோ – மருத்துவமனை. பெயர்ச்சொல் எப்போதும் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில்.

• கவனம்: லத்தீன்வழி மொழிகளில் 'மல்' தீமையைச் சுட்டும். எஸ்பெராண்டோவில் எதிர்ப்பொருள் மட்டுமே. 'யூனா' இளமையான, 'மல்யூனா' முதிய. இதில் இழிவு எதுவும் இல்லை.

• இடோ, 1907: எஸ்பெராண்டோவைத் திருத்திப் பிறந்தது. பெயரின் பொருளும் 'வழித்தோன்றல்'தான்.

• டோல்கியன் ஆக்கிய மொழிகள்: குவென்யாவுக்குப் பின்னிஷ், சிந்தாரினுக்கு வெல்ஷ் முன்மாதிரி. மாற்றிப் பொருத்திவிடாதீர்கள்.

• கிளிங்கான்: மார்க் ஓக்ராண்ட், அகராதி 1985. நாவி: பால் பிரோமர், 'அவதார்' (2009).

• டோக்கி போனா: கனடாவின் சோன்யா லாங், 2001. சொற்கள் சுமார் 120. 'டோக்கி' (பேச்சு) பப்புவா நியூ கினியின் டோக் பிசினிலிருந்தும், 'போனா' (நல்ல) எஸ்பெராண்டோவின் 'போனா'விலிருந்தும் வந்தவை. ஒரு செயற்கை மொழி இன்னொன்றுக்கு வேராகியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• சோல்ரெசோல்: பிரான்சின் சூத்ர், 19ஆம் நூற்றாண்டு. ஏழு இசைச் சுரங்களே எழுத்துகள். சொல்லைத் திருப்பினால் எதிர்ப்பொருள்: 'டோமிசோல்' கடவுள், 'சோல்மிடோ' சாத்தான்.

• கிளிக்கி: மதன் கார்க்கி, 'பாகுபலி' (2015) படத்தின் காலகேயர் மொழி. 'மின்' நான், 'நிம்' நீ. இங்கும் திருப்பிப் போடும் உத்திதான். சோல்ரெசோலுடன் சேர்த்தே படியுங்கள்.